குறைந்த விலை ரெட்ரோ கன்சோல்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பழைய வீடியோ கேம்களை ஆடுவதற்கென்று ஒரு கையடக்கக் கன்சோல் வாங்கும்போது, பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் 15,000 கேம் என்று போட்டிருந்தார்கள். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சும்மா ‘சமீபத்தில் ஆடியவை’ பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதிலும் மூன்று, வேறு எதையோ திறக்கப் போய்க் கை தவறித் திறந்தவை. மீதியில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து துழாவினால், ஒரே மரியோ ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ சட்டைக்குப் பச்சை அடித்துவிட்ட பதிப்பு என்று அரை டஜன் தடவை வந்துகொண்டே இருந்தது.

அதனால் இந்த மாதிரிக் கையடக்கக் கன்சோல்களை ஒப்பிடும்போது கேம் எண்ணிக்கையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பழைய கேம்கள் அளவில் அவ்வளவு சிறியவை. முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி, போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிட அது பல மடங்கு சிறியது. 15,000 என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு கார்டும் ஒரு காப்பி-பேஸ்ட்டும் போதும்.

அடுத்தது ‘எது வரைக்கும் ஓடும்?’ என்ற கேள்வி, அதாவது எந்தப் பழைய கன்சோலின் கேம்கள் வரை. எல்லா விளம்பரத்திலும் முதல் வரி இதுதான்: பிஎஸ்பி ஓடும், ட்ரீம்காஸ்ட் ஓடும், நின்டெண்டோ 64 ஓடும். ஓடும் என்றால் திறக்கும், அவ்வளவுதான். இந்த விலைப் பிரிவில் நான் ஒரு கோடு கிழிப்பேன். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் வரைக்கும் ஓரளவு உருப்படியான எந்தச் சாதனமும் சிக்கலில்லாமல் ஆடும், அதற்கு மேலே எதுவுமே முழுசாக ஆடாது. என்னிடம் இருக்கும் மியூ மினி பிளஸ் என்ற சாதனத்தில் இருப்பது இரண்டே கோர் உள்ள கார்டெக்ஸ் ஏ7 சிப், வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 128 எம்பி. கேட்கவே பாவமாக இருக்கும். ஆனால் அசல் பிளேஸ்டேஷனின் பிராசஸர் ஓடியதே சுமார் 34 மெகாஹெர்ட்ஸில், மெயின் ரேம் 2 எம்பி. அந்த பிளேஸ்டேஷனின் டெக்கன் 3 மியூவில் வழுக்கிக்கொண்டு போகிறது.

கோட்டுக்கு மேலே ஏன் தடுமாறுகிறது என்றால், அங்கே வெறும் வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இல் கிராஃபிக்ஸ் வேலைக்கென்று தனியாக ஒரு சிப், அதற்கு ஒவ்வொரு கேமும் தனக்கு வேண்டியபடி கட்டளை எழுதிக்கொள்ளலாம். சேகா சாட்டர்ன் இன்னும் மோசம், இரண்டு பிராசஸர், இரண்டு வீடியோ சிப், எல்லாம் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் ஓட வேண்டும். எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலாக நடிக்கும் மென்பொருள், இதையெல்லாம் ஒரு சின்ன சிப்பில் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மரியோ கார்ட் 64 ஆடலாம், கொஞ்சம் கனமான கேம் போட்டால் சத்தம் கரகரக்க ஆரம்பிக்கும். பிஎஸ்பியிலும் அதே கதைதான், இரு பரிமாண கேம்கள் போகும், காட் ஆஃப் வார் போட்டால் ஸ்லைடு ஷோ பார்க்கலாம். யூடியூபில் நன்றாக ஓடுகிறதே என்பீர்கள். நன்றாக ஓடும் இரண்டு கேமைத் தேர்ந்தெடுத்துத்தான் படம் பிடிப்பார்கள்.

சரி, கோட்டுக்குக் கீழே எல்லாரும் பாஸ் என்றால் எதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பது? எனக்கு மூன்று விஷயம்: திரையின் வடிவம், டி-பேட் (நாலு திசைக்கும் அழுத்தும் கூட்டல் குறி மாதிரியான பட்டன்), அப்புறம் பாதியில் மூடிவிட்டு மறுபடி எடுக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பது. நான் சொந்தமாக வைத்திருப்பவை மியூ மினி பிளஸும் ஆன்பெர்னிக்கின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்சும். ஆர்36எஸ், ட்ரிம்யூஐ பிரிக், ட்ரிம்யூஐ ஸ்மார்ட் ப்ரோ மூன்றையும் தெரிந்தவர்களிடம் வாங்கிச் சில நாட்கள் வைத்திருந்தேன்.

முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடலாம். நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான கேம் பாய் மாதிரியே இருக்கும், ‘400 இன் 1’ என்று எழுதியிருக்கும், பழைய போன் பேட்டரி ஒன்றைப் பின்னால் செருகியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் சேவ் கிடையாது, புது கேம் ஏற்ற வழி கிடையாது. சின்னக் குழந்தையின் கையில் கொடுக்கலாம், உடைந்தால் மனசு வலிக்காது. அதற்கு ஒரு படி மேலே டேட்டா ஃப்ராக் எஸ்எஃப்2000 இருக்கிறது, 320x240 திரை. நின்டெண்டோவின் பழைய டிவி கன்சோலான என்இஎஸ்ஸின் கேம்களுக்குப் பரவாயில்லை, அதற்கு அடுத்து வந்த எஸ்என்இஎஸ்ஸில் கொஞ்சம் கனமானது வந்தால் திணறுகிறது, பிளேஸ்டேஷன் பக்கமே போகாது. கோட்டைக்கூடத் தொடாத ஒன்றுக்குக் காசு போடுவதைவிட இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆர்36எஸ் வாங்கிவிடலாம்.

இனி திரை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாங்கிய பிறகு மாற்ற முடியாதது இது ஒன்றுதான்.

கேம் பாய் அட்வான்ஸின் திரை 240x160 புள்ளிகள். மியூ மினி பிளஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், ஆர்36எஸ் மூன்றிலுமே 3.5 அங்குல, 640x480 திரை. 240-ஐ 640-க்கு இழுத்தால் 2.67 மடங்கு வருகிறது. முக்கால் புள்ளி, அரைப் புள்ளி என்று எதுவும் கிடையாதே, அதனால் சில புள்ளிகள் மூன்று அகலத்திலும் சில இரண்டு அகலத்திலும் விழும். நின்று பார்த்தால் தெரியாது. போக்கிமான் எமரால்டில் உயரமான புல்வெளியில் இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள், புல் முழுக்க ஒரு அலை ஓடுகிற மாதிரி நெளியும். முதல் தடவை திரைதான் பழுது என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு மடங்கு மட்டும் பெரிதாக்கு என்று அமைப்பில் மாற்றினால் நெளிவு போய்விடும், ஆனால் படம் 480x320-க்குச் சுருங்கி நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் நிற்கும். படத்தை லேசாக மழுங்கடிக்கும் ஃபில்டர் போட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் செய்துகொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அதே 640x480-இல் பிளேஸ்டேஷன் போட்டால் கதையே வேறு. அதன் கேம்களில் பெரும்பாலானவை 320x240 என்ற கணக்கில் வருபவை, கச்சிதமாக இரண்டு மடங்கு, ஓரம் கூட மிஞ்சாது. பழைய கேம் பாயின் 160x144-க்கு மூன்று மடங்கு போகலாம், அப்போது 480x432, சுற்றிலும் சின்னச் சட்டம், ஆனால் படம் கூர்மையாக இருக்கும்.

நீங்கள் ஆடப்போவது பெரும்பாலும் கேம் பாய் அட்வான்ஸ்தான் என்றால் ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸைப் பாருங்கள். அதன் திரை 720x480, அதாவது 240x160-க்கு அச்சு அசலாக மூன்று மடங்கு. அந்த ஒரு கன்சோலுக்காகவே வெட்டிய திரை. ட்ரிம்யூஐ பிரிக் வேறு வழியில் போகிறது: திரை 3.2 அங்குலம்தான், ஆனால் அதற்குள் 1024x768 புள்ளி, அங்குலத்துக்கு 400. கேம் பாய் ஐந்து மடங்கு, அட்வான்ஸ் நாலு மடங்கு, பிளேஸ்டேஷன் மூன்று மடங்கு, எல்லாமே முழு எண்ணில் பொருந்திவிடுகிறது. முழுத் திரைக்கு இழுத்தாலும் புள்ளிகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் அந்தப் புல் நெளிவு கண்ணுக்கே தெரியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது. எழுத்து அதிகமுள்ள கேம்களில் மட்டும் 3.2 அங்குலம் சிறிசு. நாற்பது தாண்டிய கண் என்றால் யோசியுங்கள்.

ஸ்மார்ட் ப்ரோவைப் பார்த்ததும் ஆசை வரும். கிட்டத்தட்ட ஐந்து அங்குலத் திரை, 1280x720, பெரிய பேட்டரி, பார்க்க பிஎஸ்பியின் தம்பி மாதிரி. ஆனால் இது 16:9. நாம் ஆடப்போகும் டிவிக் காலத்து கேம்கள் எல்லாம் 4:3. உயரத்துக்குப் பொருத்தினால் படம் 960x720-இல் நிற்கும், இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை. கணக்குப் போட்டால் அந்தப் படத்தின் குறுக்களவு நாலு அங்குலம்தான் வருகிறது. நாலு அங்குலம்தான் வேண்டும் என்றால் நாலு அங்குல 4:3 திரையுள்ள ஆர்ஜி40எக்ஸ்எக்ஸ் எச் இன்னும் சின்ன உடம்பில் கிடைக்கிறதே. ஓரம் வரை இழுத்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள், மரியோ தொப்பையோடு ஓடுவார். அந்த அகலத் திரைக்கு முழு நியாயம் செய்வது பிஎஸ்பி கேம்கள், அவையோ கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. கையில் பிடிக்க மட்டும் அருமை, மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் விரல் வலிக்கவில்லை.

டி-பேடைப் பற்றி விவரக்குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது, ஆனால் தினமும் ஆயிரம் தடவை அழுத்தப்போவது அதைத்தான். எனக்கு ஒரு சோதனை உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போட்டு, கீழ்ப் பொத்தானை அழுத்தியபடி குந்த வைத்து, கட்டைவிரலை இடமும் வலமுமாக ஆட்டுவேன். நல்ல டி-பேட் என்றால் ஆள் குந்தியே இருப்பான். மோசமான டி-பேட் என்றால் நடுவில் எழுந்து நடப்பான், இல்லை குதிப்பான். இன்னொன்று காண்ட்ரா. படுத்துக்கொண்டு நேராகச் சுட வேண்டிய இடத்தில், தெரியாமல் மூலைவிட்டம் பதிந்து எழுந்து ஓட ஆரம்பித்தால் குண்டு வந்து நெற்றியில் விழும். டெட்ரிஸிலும் தெரியும், பக்கவாட்டில் நகர்த்தப் போய் கட்டை தானாகக் கீழே இறங்கினால் அந்த டி-பேடை நம்ப முடியாது.

இந்தச் சோதனையில் மியூ மினி பிளஸ் முதலிடம். மெத்தென்று அழுந்துகிறது, ஆனால் எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் கிட்டத்தட்ட சமம், சில நேரம் மூலைவிட்டம் சுலபமாகப் பதிந்துவிடுகிறது. நான் வைத்திருந்த ஆர்36எஸ்ஸில் கொஞ்சம் விறைப்பு. அதே ஆர்36எஸ் வேறொருவரிடம் வேறு மாதிரி இருந்தது, அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். ஸ்மார்ட் ப்ரோ எனக்கு ஒத்துவரவில்லை, சண்டை கேம்களுக்கு ரொம்ப மெத்து.

அனலாக் ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் சின்னக் குச்சி, வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் தேவையே இல்லை. பிளேஸ்டேஷனே முதலில் ஸ்டிக் இல்லாத கன்ட்ரோலரோடுதான் வந்தது, ட்யூவல்ஷாக் வந்தது 1997-இல். ஏப் எஸ்கேப் மாதிரி ஸ்டிக் இல்லாமல் ஆடவே முடியாத கேம்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மரியோ 64 ஆசை இருந்தால் மட்டும் ஸ்டிக் உள்ளதை எடுங்கள், அப்படியென்றால் மியூவும் பிரிக்கும் தானாக விலகிவிடும், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், ஆர்36எஸ், ஸ்மார்ட் ப்ரோ மூன்றும் நிற்கும். ஸ்டிக் சேர்ந்தால் உடம்பும் அகலமாகும். மியூ சட்டைப் பையில் போகும், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் போகாது, அதற்கு பேன்ட் பாக்கெட்டோ தோள்பையோ வேண்டும்.

மூன்றாவது விஷயம், நிறுத்துவதும் தொடர்வதும். நாம் எல்லாரும் வளர்ந்துவிட்டோம், மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் ஆடப்போவதில்லை. பத்து நிமிஷம் கிடைக்கும், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். அப்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மியூவில் ஆனியன் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளை ஏற்றிவிட்டால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததும் அது தானாகச் சேவ் செய்துகொண்டு முழுதாக அணைந்துவிடும். இரண்டு நாள் கழித்து ஆன் செய்தால், மரியோ குழிக்கு மேல் பாதிக் குதியில் நிற்கிறார், அதே இடம், அதே நொடி. பேட்டரியும் வீணாகவில்லை. இந்த ஒரு வசதிக்காகத்தான் மியூவை நான் விற்காமல் வைத்திருக்கிறேன். ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்சோடு வரும் மென்பொருள் மோசமில்லை, ஆனால் மெனு சந்தைக்கடை. அதற்கு மியூஓஎஸ் அல்லது நல்லி ஏற்றிக்கொள்ளலாம். (மியூஓஎஸ் என்ற பெயரைப் பார்த்து மியூ மினிக்கானது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நான் நினைத்தேன், ஒரு மாலை வீண்.) கேம் பட்டியல், அட்டைப்படம், அலங்காரம் எதுவும் வேண்டாம், ஆடினால் போதும் என்பவர்களுக்கு மின்யூஐ என்று ஒன்று இருக்கிறது. வெறும் எழுத்துப் பட்டியல்தான், ஆனால் அணைத்த இடத்திலிருந்து தொடர்வதில் அதுவும் கில்லாடி. மூடியை மூடினால் தூங்க வேண்டும் என்ற பழைய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை என்றால் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எஸ்பி இருக்கிறது, 2003-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி மாதிரி மடக்கும் உடம்பு, உள்ளே ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்-இல் இருக்கும் அதே சிப், ஸ்டிக் மட்டும் கிடையாது. திரையும் டி-பேடும் மூடிக்குள் பத்திரமாக இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆர்36எஸ்ஸுக்கு வருவோம். காகிதத்தில் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. நாலு கோர் சிப், 1 ஜிபி ரேம், இரண்டு ஸ்டிக், இரண்டு கார்டு ஸ்லாட், இந்தப் பட்டியலிலேயே குறைந்த விலை. வைஃபை மட்டும் உள்ளே இல்லை, சின்ன டாங்கிள் ஒன்று செருக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ‘ஆர்36எஸ்’ என்பது ஒரு சாதனத்தின் பெயரா, ஒரு கூட்டத்தின் பெயரா என்பதே சந்தேகம். வெளியே ஒரே மாதிரி பிளாஸ்டிக், உள்ளே போர்டு வேறு, திரை பேனல் வேறு, பட்டன் ரப்பர் வேறு. பழைய தொகுப்பில் வந்த பேனலும் புதிய தொகுப்பில் வந்த பேனலும் வேறு என்பதால், இணையத்திலிருந்து ஆர்க் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளை இறக்கிப் புது கார்டில் எழுதிப் போட்டால் திரை கன்னங்கரேல் என்று நிற்கும். சத்தம் வரும், படம் வராது. செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதோடு வந்த பழைய கார்டில் இருக்கும் டிடிபி என்ற கோப்பில்தான் எந்தப் பேனல் என்ற விவரம் இருக்கிறது. அதை எடுத்துப் புது கார்டில் போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதனால் ஆர்36எஸ் வாங்கினால், ஆன் செய்வதற்கு முன்னாலேயே கார்டைக் கழற்றி முழுசாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நோண்டுவதில் சுகம் காண்பவர்களுக்கு ஆர்36எஸ் நல்ல விளையாட்டுப் பொருள். தம்பிக்கோ அத்தைக்கோ பரிசு கொடுப்பதற்கு வாங்கினால், அவர்கள் வீட்டு டெக்னீஷியன் நீங்கள்தான், சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்னதாக இரண்டு விஷயம், வேறெங்கே சொல்வது என்று தெரியவில்லை. இந்த மலிவு சாதனங்கள் பலவற்றை லேப்டாப்பின் சி-டு-சி கேபிளில் (இரு முனையும் யூஎஸ்பி-சி) செருகினால் சார்ஜே ஏறாது. சாதனம் கெட்டுப்போகவில்லை, யூஎஸ்பி-சி சாக்கெட்டில் போட வேண்டிய ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், அது இல்லாமல் புதுச் சார்ஜருக்கு இது ஒரு சாதனம் என்றே தெரியாது. பழைய பட்டை யூஎஸ்பி முனையுள்ள சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள், ஏறும். அடுத்தது ப்ளூடூத். ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்சில் இருக்கிறது, மியூவில் இல்லை. இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, காதில் வரும் சத்தம் குதித்து இறங்கிய பிறகு கேட்கிறது. வயர் ஹெட்போன் போட இரண்டிலும் துளை இருக்கிறது, அதுவே போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என் கையில் இருக்கும் போனே இதைவிடப் பல மடங்கு வேகமாயிற்றே என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் செயலி ஆண்ட்ராய்டில் இலவசம், ஓரளவு நல்ல போன் என்றால் மேலே சொன்ன கோட்டையெல்லாம் அனாயாசமாகத் தாண்டிவிடும். கண்ணாடித் திரையில் விரல் வைத்து ஆட முடியாது, கட்டைவிரல் வழுக்கிப் போய் எங்கே அழுத்துகிறோம் என்றே தெரியாது. ஆனால் போனை நடுவில் செருகி இரு பக்கமும் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் அந்தக் குறை தீர்ந்தது. ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி, நின்டெண்டோ 64 என்று கோட்டுக்கு மேலே இருப்பதுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், இந்தப் பிரிவின் எந்தக் கன்சோலுக்கும் இல்லை. அலுவலகச் செய்தி ஒன்று கடைசிக் கட்ட வில்லனின் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

பிஎஸ்பியும் நின்டெண்டோவின் இரட்டைத் திரை டிஎஸ்ஸும் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம்: அந்தப் பழைய சாதனங்களையே வாங்குவது. பிஎஸ்பி கேமை பிஎஸ்பியைவிட ஒழுங்காக ஓட்டும் மலிவு சாதனம் இன்னும் வரவில்லை. டிஎஸ்ஸின் இரண்டு திரையையும் பேனாவையும் மியூவின் ஒற்றைத் திரையில் ஒரு அம்புக்குறியை நகர்த்தி ஈடுசெய்வது ஒருவகைத் தவம். ஆனால் பேட்டரி உப்பியிருக்கிறதா, பின்மூடி சரியாக மூடுகிறதா என்று கையில் வாங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், முதலில் வந்த கேம் பாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம், 2001-இல் வந்த அதில் திரைக்கு விளக்கே கிடையாது, ஜன்னல் ஓரம் தேடி உட்கார வேண்டும்.

கேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமுலேட்டர் என்பது தன்னளவில் திருட்டு இல்லை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றின் மீது சோனி தொடுத்த வழக்கில், கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக 2000-லேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் பெட்டியோடு வரும் அந்த 15,000-உம் யாரும் அனுமதி கொடுத்து ஏற்றியவை இல்லை, அது வேறு விஷயம். நான் என்னிடம் இருக்கும் கார்ட்ரிட்ஜ்களைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது போக, கேம் பாய்க்கு இன்றைக்கும் புது கேம் எழுதுகிறார்கள். டோபு டோபு கேர்ள் என்று 2017-இல் வந்த ஒன்று இலவசம், மேலே மேலே குதித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான், ஆனால் வைக்க மனசு வராது. என் பதினொன்றில் அதுவும் ஒன்று.

சரி, எதைத்தான் எடுப்பது? என்னைக் கேட்டால், முதல் தடவை வாங்குபவருக்கு மியூ மினி பிளஸ் அல்லது ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். இரண்டில் எது என்பதற்கு ஒரே கேள்வி: படுக்கையிலும் பஸ்ஸிலும் பத்துப் பத்து நிமிஷமாக ஆடப்போகிறீர்களா, சோபாவில் சாய்ந்து ஒரு மணி நேரம் பிளேஸ்டேஷன் ஆடப்போகிறீர்களா? முதலாவது என்றால் மியூ. இரண்டாவது என்றால் எச், ஏனென்றால் நாலு தோள் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க மியூவின் உடம்பு பத்தாது, அரை மணியில் உள்ளங்கை மடங்கிப் போகும். எச்சை மினி எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடும் இணைக்கலாம். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஸ்டிக் வேண்டாம், படம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றால் பிரிக். அட்வான்ஸ் பைத்தியம் என்றால் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ். ஆர்36எஸ், நோண்டத் தெரிந்தவருக்கு மட்டும். ஸ்மார்ட் ப்ரோவை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், ஆனால் பெரிய கைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும்.

எதை வாங்கினாலும் அதோடு வரும் மெமரி கார்டை நம்பாதீர்கள். பெயர் இல்லாத மட்டமான கார்டைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள், நல்ல பிராண்டில் 32 ஜிபி, 64 ஜிபி வாங்கி முதல் நாளே எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். இதற்கு முன்னால் நான் வைத்திருந்த ஒரு சாதனத்தில், பெயர் வேண்டாம், மூன்றாவது மாதம் ஒருநாள் ஆன் செய்தேன், லோகோ வந்தது, அங்கேயே நின்றது. கார்டைக் கணினியில் போட்டால் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கிறது. போக்கிமான் எமரால்டில் மாஸ்டீப் நகரத்து இரட்டையரை அன்றைக்குத்தான் நாலாவது முயற்சியில் தோற்கடித்து ஏழாவது பேட்ஜ் வாங்கியிருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சேவ் ஃபோல்டரை மட்டும் கணினிக்கு நகல் எடுத்துவிடுகிறேன், சில எம்பிதான் வரும், ஒரு நிமிஷ வேலை. மாஸ்டீப்புக்கு இன்னும் ஒரு கடல் தாண்ட வேண்டும்.